நான் பாதியில் நிறுத்திய நார்வே நாவல்

பத்திரிகை ஆசிரியர் என் மொழிபெயர்ப்பில் 'கருவாடு' என்ற சொல்லை அடித்துவிட்டு அதன்மேல் 'உலர்ந்த மீன்' என்று எழுதியிருந்தார். ஓரிடத்தில் அல்ல, அத்தியாயம் முழுக்க. கதையே நார்வேயின் கடற்கரையில் மீன் காயவைக்கும் ஒரு விதவையைப் பற்றியது. அவள் காலையில் எழுந்தால் கருவாடு, படுத்தால் கருவாடு. தியாகராய நகரில் இருந்த அந்த வாரப்பத்திரிகை அலுவலகத்தில், அவருடைய மேஜைக்கு எதிரில் நின்றபடியே கேட்டேன்.

"உலர்ந்த மீன்னு யார் வீட்ல சொல்றாங்க சார்?"

"நம்ம வாசகா ஆத்துல அந்த வார்த்தை நுழையப்படாதும்மா. பத்திரிகையை இடுக்கியால தூக்கி வெளில போட்டுடுவா."

"அப்ப எதுக்கு சார் மீன்காரி கதை?"

"நார்வே மீன்காரின்னா பரவாயில்லை," என்றார், துளியும் சிரிக்காமல்.

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்று எனக்கு வந்த கோபம் ஒன்றுமே இல்லை. அந்த நாவல் என்னை எங்கெல்லாம் இழுத்துப்போய்க் கோபப்பட வைக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சாந்தோமில் எங்கள் வீடு. அப்பா இறந்துவிட்டார். அம்மா, கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன், நான் மூவர்தான். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் நடத்தினேன். மாலையில் லஸ் மூலையில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடைக்குப் போவேன். அங்கேதான் நார்வே, ஸ்வீடன், டென்மார்க் புத்தகங்கள் ஆங்கிலத்தில் கிடைத்தன. யாரும் எடுக்காததால் அட்டையெல்லாம் புதிதாக இருந்தன.

காலேஜில் நாங்கள் படித்த இங்கிலீஷ் நாவல்களில் யாருக்கும் பசிக்காது. வேலைக்காரன் தட்டில் தேநீர் கொண்டுவருவான். எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். இந்த வடக்கத்திக்காரர்களின் புத்தகங்களில் பசி இருந்தது. குளிர், கடன், குடிகார மாமனார், கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷன், எல்லாம் இருந்தன. எங்கள் தெருவைத் தாண்டிக் கடற்கரைக் குப்பத்தில் இருந்த அதே வாழ்க்கை, பனி மட்டும் கூடுதலாக.

அவர்களுடைய சரித்திரம் அதைவிட என்னை உலுக்கியது. ஐரோப்பா முழுவதும் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் வீட்டுப் பேச்சில் கதைகளை எழுதி வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் புரியாத லத்தீனில் பூசை கேட்டு வளர்ந்த எனக்கு அது சாதாரணச் செய்தி அல்ல. நார்வே நானூறு வருஷம் டென்மார்க்கின் கீழே கிடந்தது. சொந்தப் பேச்சு ஒன்று, எழுத்து டேனிஷ். பிறகு ஸ்வீடன் ராஜாவின் கீழே. கிராமத்துப் பேச்சிலிருந்து தங்களுக்கென்று ஓர் எழுத்துமொழியை அவர்கள் பொறுக்கி உண்டாக்கினார்கள். பிறகு ஜனங்களிடம் ஓட்டு வாங்கி, ஒரு துப்பாக்கி வெடிக்காமல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்தும் விட்டார்கள். என் அப்பாவின் வாலிப காலத்தில் நடந்தது இது. வெள்ளைக்காரனுக்குள்ளேயும் ஆண்டவன், ஆளப்பட்டவன் என்று உண்டு என்பது பற்றி எங்கள் சரித்திரப் பாடப்புத்தகம் மூச்சுவிடவில்லை.

அந்த நாவலை எழுதியவர் நார்வேயின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் படம் இருந்தது. ஒட்டிய கன்னம், வெள்ளை மீசை, எங்கோ தூரத்தில் பார்வை. நான் அவரைக் கிட்டத்தட்டக் கும்பிட்டேன். அந்த விதவை கடலைப் பார்த்துத் திட்டும் இடம் ஒன்று உண்டு. அதைத் தமிழாக்குவதற்காக ஒரு வாரம் விடியற்காலையில் குப்பத்துக்குப் போய், மீன்காரப் பெண்கள் எப்படித் திட்டுகிறார்கள் என்று கேட்டு வந்தேன். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, மீனும் வாங்க மாட்டேன்ற, வாயப் பார்த்துக்கினே கீறே?" என்றாள். அவள் வாயில் வந்ததில் பாதியை எழுதினேன். அதில் பாதியை ஆசிரியர் வெட்டினார். இருந்தும் தொடர்கதை பிடித்துக்கொண்டது. என் பெயர் போடவில்லை, ஆசிரியரே சூட்டிய ஒரு புனைபெயரில் வந்தது.

அந்த நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான் குண்டு பயத்தில் பட்டணம் பாதி காலியாகி, மறுபடி நிரம்பியது. ஆகஸ்டில் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு அடுத்த வகுப்பில் கணக்கு நடத்தியவள் என் சிநேகிதி. துண்டுப்பிரசுரம் கொடுத்தாள் என்று அவளைப் பிடித்து வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். மறுநாளே வருகைப் பதிவிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அவளுடைய வகுப்பையும் சேர்த்து என்னை நடத்தச் சொன்னார்கள். கணக்கு எனக்கு வராது. வராத கணக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடத்தினேன்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபோது அண்ணன் ஒரு வெள்ளைக்கார மாலுமியோடு வாசலில் நின்றான். அவனுடைய கப்பலை வங்காள விரிகுடாவில் ஜப்பான்காரன் மூழ்கடித்துவிட்டான். கை வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது வேறு கப்பலுக்காகக் காத்திருந்தான். நார்வேக்காரன் என்று அண்ணன் சொன்னதும் எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். அவன் முள்ளை எடுத்த நேர்த்தியைப் பார்த்து, "நம்மாளு மாதிரியே சாப்பிடுதே இது," என்று அம்மா சொக்கிப்போனாள். பக்கத்துக் கொல்லையிலிருந்து கருவாட்டு வாடை அடித்தது. அண்ணன் சங்கடப்பட்டு ஜன்னலைச் சாத்தப் போனான். மாலுமி தடுத்துவிட்டான். "சாத்தாதீர்கள். எங்கள் ஊர் வாசனை," என்றான் இங்கிலீஷில்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். திறந்து படத்தைப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"இந்த ஆளை நீங்கள் படிக்கிறீர்களா?"

"படிக்கிறது என்ன? தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாராவாரம் வருகிறது."

அவன் புத்தகத்தை மூடினான். பிறகு நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். ஜெர்மன் படை நார்வேயில் இறங்கியபோது இந்த மனிதர் ஜெர்மன்காரன் பக்கம் நின்றுவிட்டார். எதிர்க்காதீர்கள், அவன் நம்மைக் காக்க வந்தவன் என்று பேப்பரில் எழுதினார். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். லண்டனிலிருந்து தங்கள் மொழியில் வரும் வானொலியில் இதைக் கப்பலில் எல்லோரும் கேட்டார்களாம்.

"என் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார்," என்றான். "ஜெர்மன்காரனுடைய கையாட்கள் வாத்தியார்களுக்கு என்று ஒரு சங்கம் வைத்தார்கள். எல்லோரும் அதில் சேர வேண்டும், அவர்கள் சொல்வதைத்தான் நடத்த வேண்டும். வாத்தியார்கள் மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து, ஆடுமாடுபோல் கப்பலில் ஏற்றி வடகோடிக்கு மூட்டை தூக்க அனுப்பினார்கள். என் அண்ணன் அதில் இருந்தானா, உயிரோடு இருக்கிறானா, எனக்குத் தெரியாது. இந்த ஆள் அந்தக் கையாட்களோடு கைகுலுக்குகிறான்."

எழுந்து போய், புத்தகத்தை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். எறியவில்லை. வைத்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பதறிப்போய் ஓடி எடுத்தாள். "புத்தகத்தைப் போய் யாராச்சும் செருப்புகிட்ட வைப்பாங்களா?" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அங்கேயே வையும்மா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா வைக்கவில்லை.

அந்த மாலுமி அடுத்த வாரமே கப்பலேறிப் போனான். நான் அவன் சொன்னதை மட்டும் வைத்துக் குதிக்கவில்லை. அண்ணனின் கம்பெனிக்கு வரும் இங்கிலீஷ் பத்திரிகைகளை வாங்கி வரச் சொல்லித் தேடினேன். இரண்டு இடத்தில் சின்னச் செய்தியாக இருந்தது. உண்மைதான். ராத்திரி பகலாக யாருக்காக வார்த்தை தேடினேனோ அந்த ஆள், என்னைப்போல் ஒரு வாத்தியாரை மூட்டை தூக்க அனுப்பியவனின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏமாந்த கோபம் ஒரு பக்கம். அதைவிட, அவர் அந்த விதவையை எழுதியவர் என்ற கோபம். நாவலில் கூலியைக் குறைத்த வியாபாரியின் முகத்துக்கு நேரே அவளை எதிர்த்துப் பேசவைத்தவருக்கு, தன் முறை வந்தபோது ஒரு வார்த்தை வரவில்லையா?

பெட்ரோல் பஞ்சத்தால் பின்னால் கரியடுப்பு கட்டி ஓட்டிய பஸ்ஸில் ஏறி, பனகல் பார்க்கில் இறங்கி, நேரே ஆசிரியரிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி, தொடரை நிறுத்துங்கள் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியுமே," என்றார்.

"தெரியுமா?"

"அந்த மனுஷனுக்கு இங்கிலீஷ்காரனைக் கண்டாலே ஆகாது. அதனாலதான் இந்தக் கதையைப் போட ஒத்துண்டேன். நமக்கு விரோதிக்கு விரோதி."

"ஜெர்மன்காரன் அவங்க நாட்டைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கான் சார்."

"நம்ம நாட்டை யார் பிடிச்சுண்டு உக்காந்திருக்கா? உங்க சிநேகிதியை வேலூர்ல வச்சிருக்கிறது ஜெர்மன்காரனா?"

அவர் ஜெயிலுக்குப் போய் வந்தவர். கதர்தான் உடுத்துவார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

"அவளை உள்ள வச்சவனும் அந்த வாத்தியாரை உள்ள வச்சவனும் ஒரே ஜாதி சார். நீங்க ஒருத்தனைத் திட்டுறதுக்காக இன்னொருத்தனுக்கு மாலை போடுறீங்க."

"கோபத்துல பேசறேள். ஆத்துக்குப் போய் அடுத்த அத்தியாயத்தை அனுப்புங்கோ."

"அனுப்ப மாட்டேன்."

"அப்ப நானே முடிச்சுக்கறேன். மூலப் புத்தகம் எங்கிட்டயும் இருக்கு. பேரும் நான் வச்ச பேர்தானே?"

என் பெயர் அதில் இல்லை என்பது எவ்வளவு வசதியாக இருந்தது அவருக்கு! வெளியே வந்து பார்க்கில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இந்தச் சண்டையை அண்ணன் கம்பெனியில் யாரிடமோ சொல்லியிருக்கிறான். அது அவனுடைய துரையின் காதுக்குப் போய், அங்கிருந்து யுத்தப் பிரசாரம் பார்த்த ஓர் இங்கிலீஷ் அதிகாரியிடம் போயிற்று. அடையாற்றில் ஆற்றைப் பார்த்த பங்களா ஒன்றில் தேநீருக்கு வரச்சொன்னார்கள். அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தான். "பேசாம கேட்டுக்க. என் வேலை அவங்க கையில," என்று வழியெல்லாம் சொன்னான்.

அதிகாரி மரியாதையான மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார். வானொலியில் தமிழில் நான் பேச வேண்டும் என்றார். வடக்கு நாடுகளின் இலக்கியம், சரித்திரம், எப்படி டென்மார்க் ஒரே நாளில் விழுந்தது, நார்வேயின் வாத்தியார்கள் எப்படித் தலை வணங்க மறுத்தார்கள், ஒரு பெரிய எழுத்தாளர் எப்படித் துரோகியானார். என்னைவிட அழகாகச் சொன்னார். அந்த வாத்தியார்களைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நிஜமான துக்கம்தான், நடிப்பில்லை.

"பேசுகிறேன்," என்றேன். "கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்வேன். எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு ஆசிரியை தலை வணங்க மறுத்தாள், வேலூர் ஜெயிலில் இருக்கிறாள் என்று."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அது வேறு விஷயம்."

"எப்படி வேறு?"

"யுத்த காலத்தில் சில கட்டுப்பாடுகள் அவசியம்."

"ஜெர்மன்காரனும் அதைத்தானே சொல்லியிருப்பான்?"

அண்ணன் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். அதிகாரியின் முகம் சிவந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. நான் களைத்துப்போயிருப்பதாகவும், யோசித்துச் சொல்லலாம் என்றும் சொன்னார். சற்று முன் கலங்கிய அதே கண்கள்! நார்வே வாத்தியாருக்காக நனைந்தவை என் சிநேகிதிக்காக அப்படியே காய்ந்துவிட்டன. நானூறு வருஷம் டென்மார்க்கின் கீழ் கிடந்த கதையை, ஓட்டுப் போட்டுப் பிரிந்த கதையை அவர் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான்.

அண்ணனின் வேலை போகவில்லை. ஆனால் இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. "ஊர் உலகத்துல இருக்கிற எல்லார்கிட்டயும் இவளுக்குச் சண்டை," என்று அம்மாவிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னான். சரிதான். இரண்டு பக்கமும் வா வா என்று கூப்பிட்டார்கள். ஒருத்தருக்கு என் கோபத்தில் பாதி வேண்டும், இன்னொருத்தருக்கு மீதிப் பாதி. முழுசாக யாருக்கும் வேண்டாம்.

ஆசிரியர் சொன்னபடியே தொடரை முடித்தார். காகிதப் பஞ்சம் என்று சொல்லி, கடைசி ஐந்தாறு அத்தியாயங்களை ஒன்றாகப் பிசைந்து ஒரே வாரத்தில் போட்டார். அந்தப் பெண் புருஷனின் படகைத் தானே தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும் இடம் மூலத்தில் நாற்பது பக்கம். இவர் நாலு வரியில் அனுப்பிவைத்தார். நிறுத்தச் சொன்னவள் நான்தான். ஆனாலும் அந்த நாலு வரியைப் படித்துவிட்டுப் பத்திரிகையைச் சுவரில் அடித்தேன்.

என் சிநேகிதி விடுதலையாகி வந்தபோது இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். பள்ளிக்கூடத்தில் திரும்ப எடுக்கவில்லை; மேற்கு மாம்பலத்தில் அக்கா வீட்டில் இருந்தாள். பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏண்டி, அந்த மீன்காரி கதைய ஏன் கடைசியில அவ்ளோ அவசரமா முடிச்ச?"

நான் விழித்தேன். அந்தப் பத்திரிகை ஜெயிலுக்குள் வந்திருக்கிறது. எழுத்து நடையைப் பார்த்ததுமே நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டாளாம். படிக்கத் தெரியாத பெண்களுக்குச் சாயங்காலம் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். "அவ கடலைத் திட்டுவாளே, அந்த எடத்த திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லுவாங்க," என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டிவிட்டேன். எழுத்தாளர், மாலுமி, வாத்தியார், ஆசிரியர், அடையாறு அதிகாரி, எல்லாவற்றையும். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"எங்களுக்கு அங்க அது ஒண்ணுதான் இருந்துச்சு," என்றாள். "அதை இப்ப எங்கிட்டேருந்து பிடுங்காத."

"உன்னை மாதிரி ஒரு வாத்தியாரை அவன்..."

"தெரியுது. கேட்டேன். நீ நிறுத்தினது சரிதான். நான் படிச்சதும் சரிதான். ரெண்டையும் வச்சிக்கினு நான் என்ன செய்யணும்னு சொல்லு."

அவள்மேலும் கோபம் வந்தது. ஜெயிலில் இருந்து வந்தவளிடம் கோபப்படலாமா என்று பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டு நடந்தேன்.

யுத்தம் முடிந்தது. அந்தக் கிழவரை அவருடைய நாட்டார் விசாரிக்கப் போவதாகப் பேப்பரில் வந்தது. நான் வேறொரு மாதப்பத்திரிகையில், என் சொந்தப் பெயரில், ஒரு கட்டுரை எழுதினேன். வடக்கு நாடுகளின் இலக்கியம் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன தந்தது, அந்த எழுத்தாளர் என்ன செய்தார், அந்த வாத்தியார்கள் என்ன செய்தார்கள், அவர்களுக்காக அழுத இங்கிலீஷ்காரன் இங்கே என்ன செய்தான். எல்லாம் ஒரே கட்டுரையில். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். தேசபக்தர்கள் இரண்டு பேர் என்னை வெள்ளைக்காரனின் ஆள் என்று எழுதினார்கள். நான் ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு ஆசிரியர் அந்த நாவலைப் புத்தகமாகப் போட்டார். என் கட்டுரையையும் படித்திருக்கிறார். இருந்தும் பியூன் கையில் ஒரு பிரதி கொடுத்து அனுப்பினார். நல்ல பைண்டு. உள்ளே அந்த வெள்ளை மீசைப் படம். முன்னுரையில் நார்வேயின் அழகு, மனித உள்ளத்தின் ஆழம் என்று இரண்டு பக்கம். அந்த எழுத்தாளர் செய்தது பற்றி ஒரு சொல் இல்லை. 'உலர்ந்த மீன்' மட்டும் அப்படியே இருந்தது.

வாசலிலேயே பியூனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"வேணாம்பா. கொண்டுபோய்க் குடுத்துடு."

"இன்னாமா நீ? வர்ற வழில நெழல்ல குந்திக்கினு ரெண்டு பக்கம் படிச்சேன். நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். "அதுதாம்பா கோபம்."

அவனுக்குப் புரியவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு புத்தகத்தைச் சைக்கிள் காரியரில் வைத்து, கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, கச்சேரி ரோடு பக்கமாக மிதித்துப் போனான்.